வெள்ளிக்கிழமைத் தூக்குவாளி



கேரளத்து ஏலமலையில் இருக்கிற இந்த வண்டன்மேட்டுக்கு நான் விருந்தாளி இல்லை. காலாண்டுப் பரீட்சை லீவு விட்டால் நான் இங்கேதான் இருப்பேன். விடியக்காலை இருட்டில் கம்பத்தில் ஜீப் ஏறுவோம். பத்துப் பேர் உட்காரவே இடமில்லாத ஜீப்பில் இருபது பேர். அம்மா மடியில் நான், என் மடியில் தூக்குவாளி. கம்பம்மெட்டு வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் வாளிக்குள் கஞ்சி தளும்பும். மேலே ஏறியதும் குளிர் அடிக்கும், மழை பிடிக்கும். கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா ஏலச்செடி மூட்டில் குத்தவைத்துச் சரம் சரமாகத் தடவி, பிஞ்சை விட்டு முற்றின காயை மட்டும் கிள்ளி எடுப்பாள். காலில் அட்டை ஏறும். நான் உப்புப் பொட்டலத்தோடு பக்கத்தில் நிற்பேன்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஜீப்பில் அவள்தான் கதைசொல்லி. போகும்போது தூக்கக் கலக்கம், யாரும் பேச மாட்டார்கள். திரும்பும்போதுதான் கதை. ஒரு கதையை மட்டும் பதினோரு நாள் சொன்னாள். அதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மலைக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு புதுப்பெண். புருஷன் நல்லவன், அதட்டிப் பேசத் தெரியாதவன். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஒரு தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிவிடுவான். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. திரும்பி வரும்போது வாளி காலி, கண் சிவந்திருக்கும். அக்கம்பக்கத்தில் ஒருத்தி, "உனக்கு முன்னாலயே ஒருத்தி இருக்கா" என்கிறாள். இன்னொருத்தி, "அந்த ஓடையில மோகினி இருக்கு" என்கிறாள். இந்த இடத்தில் ஜீப் கம்பத்துக்கு வந்துவிடும். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு இறங்கிவிடுவாள். "ஏ மதினி, அப்புறம் என்னாச்சு?" என்று பின்னாலேயே வருவார்கள். "நாளைக்கு" என்பாள். காய்ச்சலோடு கிடந்த ஒரு அக்கா, அந்த 'நாளைக்கு' என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவே மறுநாள் வேலைக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் நாள் அந்தப் பெண் புருஷனுக்குத் தெரியாமல் பின்னால் போகிறாள். ஓடைக்கு அப்பால் ஒரு குடிசை. உள்ளே ஒரு கிழவி. அவனை வளர்த்த பெரியம்மா. பெருவியாதி வந்தது என்று ஊர் ஒதுக்கி வைத்தவள். இதைச் சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்தவன், கல்யாணம் ஆன பிறகும் சொல்லப் பயந்து நின்றுவிட்டான். பதினோராம் நாள், அடுத்த வெள்ளிக்கிழமை, அவன் விளக்கைத் தேடுகிறான். விளக்கைக் காணோம், வாளியையும் காணோம். அவள் முன்னால் போய்விட்டாள்.

கதை முடிந்ததும் ஜீப்பில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னமனூர்க்கார அக்கா ஒருத்தர் கேட்டார்: "வாளியத் தொறந்து பாத்துட்டு அந்தக் கெழவி என்ன சொன்னா, மதினி?" அம்மா சிரித்தாள். "அத நாளைக்கு நீ சொல்லு" என்றாள். அந்த அக்காவுக்கு அதுவரை ஜீப்பில் குரலே எழுந்ததில்லை. மறுநாள் அவர் சொன்னார். அந்தப் பதிலுக்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கதைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? காதல் கதையா? ஆமாம், ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிற கதை. மர்மக் கதையா? ஆமாம், பத்து நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. மனத்தைத் தூக்கி நிறுத்துகிற கதையா? அதுவும்தான். நான் நாவல் எழுதத் தொடங்கியபோது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் எழுதினேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. ஒரு பதிப்பாளர், பெயர் வேண்டாம், என் கையெழுத்துப் படியைத் திருப்பிக் கொடுத்து, "காதலா மர்மமா, ஒன்றை முடிவு செய்துகொண்டு வாங்கம்மா. புத்திமதி எல்லாம் இப்போ யாரும் படிக்கிறதில்ல" என்றார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு முன்னால் இந்த வழியில் யாராவது நடந்திருக்கிறார்களா என்று தேடத் தொடங்கியது அந்த நாளில்தான். தேடிப் போனவளுக்குக் கிடைத்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

1901இல் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். ஐந்தரை! இங்கே முன்வரிசையில் பலூன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் குழந்தையின் வயது. சென்னைத் திருவல்லிக்கேணியில் புகுந்த வீடு. பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கும் சுற்றியிருக்கிற பெண்களுக்கும் கதை சொல்வார். சொன்ன கதையையே திருப்பிச் சொல்லாமல் தானாகப் புதுசு புதுசாகக் கட்டிச் சொல்வார். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போனார். நாடகம் பார்த்துப் பார்த்து மனத்துக்குள் ஒரு நாடகம் உருவாகிவிட்டது. ஆனால் எழுத வராது. அப்போது பட்டம்மாள் என்கிற தோழி வந்து உட்கார்ந்தார். இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924இல் அச்சாகி வெளிவந்தது. பிறகு எழுத்தையும் பழகிக்கொண்டார்.

தாய்மார்களே, இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்ட மாட்டேன். தமிழில் 115 நாவல் எழுதிய ஒரு பெண்ணின் முதல் நூல், அவர் கையால் எழுதப்பட்டதில்லை. வாயால் சொல்லப்பட்டது. கோதைநாயகியை எல்லோரும் பேசுகிறோம். பட்டம்மாளைப் பற்றி யார் பேசுகிறோம்? அடுப்பு வேலையை முடித்துவிட்டு, இன்னொருத்தியின் மனத்தில் இருப்பதைத் தன் கையால் இறக்கி வைத்தாரே, அந்தத் தோழி இல்லாவிட்டால் இந்த 115இல் ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலத்துத் தமிழ் வாசகர்களைப் பிடித்து வைத்திருந்தவை மர்ம நாவல்கள். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்', வடுவூராரின் 'மேனகா' இரண்டும் 1935இல் சினிமாவாகவே வந்தன. காணாமல் போன பெண், மாறிப்போன கடிதம், வேஷம் போட்ட ஆள், எல்லாம் அவற்றில் உண்டு. வடுவூரார் கோதைநாயகிக்கு ஊக்கம் கொடுத்தவர். 1925இல் 'ஜகன்மோகினி' என்கிற மாத இதழைக் கோதைநாயகி தன் கைக்குக் கொண்டுவந்தார். அதில் தன் முதல் நாவலான 'வைதேகி'யைத் தொடராக விட்டார். தொடர் என்றால் என்ன? ஜீப் கம்பத்தில் நின்றதும் அம்மா இறங்கிப் போனாளே, அதுதான். ஒரு மாதம் முழுக்க ஒரு வீட்டின் அடுப்படியில், "அவளுக்கு என்ன ஆச்சோ" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மர்மத்தை அவர் வடுவூராரைப் போலவே எடுத்தாரா என்றால், என் வாசிப்பில் இல்லை. மற்றவர்கள் கதையில் குற்றவாளி யார் என்று தேடினோம். இவர் கதையில் நல்லது ஏன் மறைந்து நிற்கிறது என்று தேடுகிறோம். துப்பறியும் கதையும் எழுதினார், காதலும் எழுதினார், ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் விதவையின் துயரம், குடி, வரதட்சணை, பெண்ணின் படிப்பு என்று ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்ல அவருக்கு யோக்கியதை இருந்தது. 1925இல் காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தியவர் அவர். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் என்று இறங்கிச் சிறைக்குப் போனார். சிறைக்குள்ளேயும் எழுதினார். குடியைப் பற்றி எழுதுகிற கை, கள்ளுக்கடை வாசலிலும் நின்றிருக்கிறது. அதனால்தான் அவர் புத்திமதி சொன்னபோது படிக்கிறவர்களுக்குக் கசக்கவில்லை.

ஒரு பெண் எழுதுகிறாளே, மேடை ஏறிப் பேசுகிறாளே, பாடுகிறாளே என்று பழித்தவர்களும் இருந்தார்கள். பிறகு வந்த இலக்கியக்காரர்களோ இவையெல்லாம் பொழுதுபோக்குக் கதைகள் என்று ஒதுக்கினார்கள். அந்த இரண்டாவது ஆட்களோடு எனக்கு உண்மையிலேயே சண்டை உண்டு. அவருடைய நாவல்களில் நீளம் அதிகம், தற்செயல் அதிகம், நல்லவர்கள் மிகவும் நல்லவர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை முதல்முறையாக முந்நூறு பக்கம் படிக்க வைத்தது எது? அடுத்து என்ன என்கிற அந்தத் தவிப்பு. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவளுக்குக் கண் சொருகும். அவளைத் தட்டி எழுப்பி, இன்னும் ஒரு பக்கம் இரு தாயே என்று கையைப் பிடித்து உட்கார வைப்பதுதான் மர்மம். அதை மட்டமான வித்தை என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். என் அம்மாவோடு ஜீப்பில் வந்தவர்கள் யாரும் ஏற்க மாட்டார்கள்.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1847இல் இங்கிலாந்தில் சார்லட் பிராண்டே 'ஜேன் அயர்' எழுதினார். பெண் பெயரில் வெளியிடவில்லை, கரர் பெல் என்று புனைபெயர். அதிலும் ஒரு காதல். அதிலும் மேல்மாடியில் பூட்டிய ஓர் அறை, ராத்திரியில் ஒரு சிரிப்பு. அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும், அந்த ஏழை ஆசிரியை தன் காதலையே விட்டுவிட்டு, மனசாட்சிக்காகக் கையில் இருந்த சொற்பக் காசோடு வீட்டை விட்டு நடக்கிறாள். நம்முடைய காலத்துக்கு வந்தால், காதலை ரமணிசந்திரனும் மர்மத்தைக் கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்களை வாங்கி, ஜீப் வெளிச்சத்தில் ஒருத்தி படிக்க நாலு பேர் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

கோதைநாயகியின் கடைசிக் காலம் நல்லபடியாக இல்லை. ஒரே மகன் சீனிவாசன் 1956இல் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் இருந்து அவர் எழவே இல்லை. காசநோய் வந்து, 1960இல் மறைந்தார். ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் நடந்த இதழ் அவரோடு நின்றுபோனது. அவர் போய் ஆறு வருஷம் கழித்து, 1966இல் 'சித்தி' என்று ஒரு படம் வந்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர். ராதா நடித்தது. தம்பியின் படிப்புக்காகத் தன் காதலை விட்டுவிட்டு, பிள்ளைகள் இருக்கிற ஒரு வயதானவரைக் கட்டிக்கொள்கிற பெண். படம் பார்த்துவிட்டு அழுத உங்கள் பாட்டிமாருக்கு, அது கோதைநாயகி அம்மாளின் 'தயாநிதி' நாவல் என்று தெரிந்திருக்காது.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது என்ன என்று இங்கே வரும் வழியில் ஒரு தங்கச்சி கேட்டாள். மறைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். வாசகியை ஏய்ப்பதற்காக எதையும் மறைக்கக் கூடாது. கதையில் வருகிறவன் எதற்காகவோ பயந்து மறைத்திருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைப் புருஷன் மறைத்தான், ஏனென்றால் அவனுக்கு இரண்டு பேர் மேலும் பாசம். அது வெளியே வரும்போது வாசகிக்கு ஆத்திரம் வராது, அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். நல்லதைக் கடைசியில் யாரும் வாயால் சொல்லவும் கூடாது. என் அம்மா, "நோயாளியை ஒதுக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்கைக் காணோம், வாளியையும் காணோம் என்றாள், அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் நாங்கள் குடியிருந்த தெருவில், யாரும் போகாத ஒரு வீட்டுக்கு ஜீப்பில் வந்த ஒருத்தி குழம்பு கொண்டுபோனார்.

இன்றைக்கு இங்கே நான் வந்தது உங்களைக் கேட்டுக்கொள்ளத்தான். பச்சைக்காயைக் கிள்ளும்போதும், ராத்திரி ஸ்டோரில் காய் உலரும் வரைக்கும் விறகு தள்ளிக்கொண்டு முழித்திருக்கும்போதும் நீங்கள் பேசுகிற கதைகள் எவ்வளவோ. 2018 மழையில் மண் சரிந்த ராத்திரி யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாஷை தெரியாமல் பக்கத்து லயத்து மலையாளப் பையனைக் கட்டிக்கொண்டவளின் கதை உங்களுக்குத் தெரியும். "எனக்கு எழுதத் தெரியாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். கோதைநாயகிக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு பட்டம்மாள் இருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது, மலையாளம்தான் எழுதுவாள் என்றால் மலையாள எழுத்திலேயே உங்கள் தமிழை எழுதட்டும். நான் உட்கார்ந்து மாற்றி எழுதித் தருகிறேன். நூலகத்து மேஜையில் நாற்பது நோட்டு கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

சின்னமனூர்க்கார அக்காவின் பதிலை அப்புறம் சொல்கிறேன் என்றேன். என் அம்மா இன்றைக்கு இல்லை. ஆனால் அந்த அக்கா இருக்கிறார். மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை. வரும்போதே கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையப் பேசச் சொல்லிராத தாயி" என்று சொன்னார். மன்னிச்சிருங்க அக்கா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யாராவது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் உட்காரும்மா. தம்பி, இந்த மைக்கை அங்கே கொண்டுபோ.

வாளியைத் திறந்து பார்த்துவிட்டு அந்தக் கிழவி என்ன சொன்னாள், அக்கா?