கஞ்சி ஆறுவதற்குள் பேசி முடிப்போம்

(கே.கே. நகரில் நடந்த ரமலான் தன்னார்வலர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் பெருகி வந்து ஜாபர்கான்பேட்டைக்குள் புகுந்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்தவர்கள். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் நாம் ஏழு பேர் வாசற்படியில் நின்றபடியே பேசினோம். ஆளுக்கு இரண்டு நிமிடம். எந்தத் தெருவுக்குச் சோறு, எங்கே மருந்து என்று கால்மணிக்குள் முடிவாகிவிட்டது.

ஐந்தாம் நாள், அல்ஹம்துலில்லாஹ், முப்பத்தைந்து பேர் ஆனோம். அதே இரண்டு நிமிடம் இப்போது எழுபது நிமிடம்! ஜமுக்காளம் விரித்தாயிற்று, டீயும் வந்தாயிற்று. எட்டு மணிக்குப் போக வேண்டிய கிச்சடி பத்தைத் தாண்டித்தான் முகாமுக்குப் போனது. அங்கே சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் மயங்கிக் கிடந்தார். பக்கத்திலிருந்தோர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருந்தார்கள். "பசிக்குதுன்னு யாரைப் போய் கேட்கிறது தம்பி?" என்றார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசியது யார் தெரியுமா? செயலாளராகிய நாமேதான். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லாமல் நம்மிடமே கணக்கு ஒப்பித்தார்கள். நாமும் விடாமல் கேள்வி கேட்டோம். போர்வை எண்ணிக்கையைச் சமையல்காரர் ஏன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள்தான் வழி சொன்னார்கள். அங்கே தினமும் நடக்கும் 'ஸ்டாண்ட் அப்' கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடமே கெடு. குழுவிலும் சுமார் பத்துப் பேருக்கு மேல் வைப்பதில்லையாம். ஏழு பேருக்குள் 21 ஜோடிகள் பேசிக்கொள்ளலாம். முப்பத்தைந்து பேர் என்றால் 595 என்று ஒரு பையன் தாளில் போட்டுக் காட்டினான். மறுநாளே சமையல், மருந்து, துணிமணி, துப்புரவு, வண்டி என ஐந்தாகப் பிரிந்தோம். அவரவர் குழுவில் நின்றபடி பேச்சு. பிறகு ஐந்து பொறுப்பாளர்கள் மட்டும் பத்து நிமிடம். தடங்கல் இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். நீண்ட விவகாரம் என்றால் சம்பந்தப்பட்ட இருவர் ஓரமாகப் போய்ப் பேசிக்கொள்ள வேண்டும். சில மூத்தவர்களுக்கு வருத்தம்தான், நம்மிடம் நேரில் சொல்ல முடியவில்லையே என்று. அவர்களுக்கு இஷாவுக்குப் பின் தனியே நேரம் ஒதுக்கினோம்.

இவ்வருடம் நோன்புக் கஞ்சிப் பணிக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். குழுப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் நோன்பன்று லுஹருக்குப் பின் கொல்லைப்புறத்தில், அண்டாவுக்குப் பக்கத்தில் கூடுவோம், இன்ஷா அல்லாஹ். நாற்காலி போட வேண்டாமென்று சொல்லியிருக்கிறோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு உண்டு.