நடந்து போகும் தூரம்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் முருங்கனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கொழும்பை விட்டுவிட்டு இந்த வெயிலுக்குள்ளே வந்து என்ன செய்கிறீர்கள்?" என்று காணும் இடமெல்லாம் கேட்கிறார்கள். அதையே சபையில் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒலிவாங்கியின் முன்னால் நிற்பது ஒருவர்தான் என்றாலும் சொல்லப்போவது நாலு பேருடைய கதை. நாலு பேரும் ஒரே வகுப்பு. நாலு பேருக்கும் வயது 60 ஐத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். வாகனம் ஓட்ட ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கடைசி விசயம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கொழும்பைக் குறை சொல்ல வரவில்லை. வாகனம் இல்லாமல் வாழலாம் என்று எங்களுக்குக் கற்றுத்தந்ததே வெள்ளவத்தைதான். ஒரு பக்கம் கடலும் ரயில் பாதையும், நடுவில் காலி வீதி, அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள். சந்தை, ரயில் நிலையம், மயூராபதி அம்மன் கோவில், புனித லோரன்ஸ் ஆலயம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பாமசி எல்லாம் கால் எட்டும் தூரத்தில். கறிவேப்பிலை வாங்கப் போனால் வழியில் மூன்று பேரைக் கண்டு, இரண்டு கலியாணப் பேச்சும் ஒரு செத்தவீட்டுச் செய்தியும் கேட்டுக்கொண்டுதான் திரும்புவோம். வடக்கிலிருந்து போன அத்தனை சனமும் அங்கே நெருங்கி இருந்ததற்கு அந்த நடைதூரமும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

பிறகு வீடுகள் போய்த் தொடர்மாடிகள் வந்தன. எங்களில் இருவர் ஐந்தாம் மாடியில் இருந்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி இறங்கலாம், ஏறுவது யார்? அந்த ஆண்டு ஜூலையில் கியூ ஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். வாகனம் வைத்திருந்தவர்களே வரிசையில் கிடந்தார்கள். ஓட்டோவை நம்பிக் கிளினிக் போகும் எங்களைப் போன்றவர்கள் கூலியைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தோம். கால் இருந்தும் முடங்கிக் கிடப்பது எப்படி என்று அப்போது தெரிந்தது.

ஊருக்குத் திரும்புவோம் என்று நாலு பேரும் ஒரே நாளில் முடிவெடுக்கவில்லை. ஒருவர் சொல்ல மற்றவர் மறுத்து, எட்டு மாதம் இழுபட்டது. இனசனத்தார், "தாய் தகப்பன் காணி கிடக்கிறது, அதிலே ஒரு வீட்டைப் போடுங்கள்" என்றார்கள். காணி இருப்பது வயற்கரையில். கடைத்தெருவுக்கு நாலு கிலோமீற்றர். அங்கே குடியிருந்தால் உப்பு முடிந்தாலும் மருமகனுடைய மோட்டார் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊர் என்றால் எல்லாம் பக்கத்தில் என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மாட்டு வண்டியும் கூப்பிடு தூரத்தில் சொந்தக்காரரும் இருந்த காலத்து ஊர் அது.

எனவே காணியை விட்டுத் தூரத்தைப் பார்த்தோம். இதற்கு உலகத்திலே பெயரே வைத்திருக்கிறார்கள். அன்றாடத் தேவை எல்லாம் கால்மணி நேர நடையிலோ சைக்கிளிலோ கிடைக்க வேண்டும் என்ற 15 நிமிட நகரம் என்ற கருத்தைப் பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016 இல் முன்வைத்தார். 2020 தேர்தலில் அந்த நகர மேயர் அதைக் கையில் எடுத்தார். அதற்கும் முன்னே, 1929 இல், நியூயோர்க்கில் கிளாரன்ஸ் பெரி என்பவர் ஒரு குடியிருப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று யோசித்து, நடுவில் ஓர் ஆரம்பப் பாடசாலையை வைத்தார். பிள்ளை பெரிய வீதியைக் கடக்காமல் நடந்து போகக்கூடிய தூரம்தான் அவருக்கு அளவுகோல். அந்தக் கணக்கை எங்களுக்குப் பொருத்திப் பார்த்தோம். நல்ல கால் உள்ளவர் மணிக்கு 4 கிலோமீற்றர் நடந்தால் கால்மணி நேரத்தில் 1 கிலோமீற்றர். எங்கள் முழங்கால்களுக்கு மணிக்கு 3 தான். அப்படியானால் 750 மீற்றர். அதற்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

முருங்கன் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு வீடு இருந்தது. முற்பணம் கொடுக்க முன்னர் ஒரு கிழமை உறவினர் வீட்டில் தங்கி, காலை ஆறு மணிக்கும், மத்தியான வெயிலிலும், இரவு ஏழு மணிக்கும் அதே வழியை நடந்து பார்த்தோம். சோளகக் காற்றில் குடை நிற்காது என்பதைப் படித்தோம். மாரியிலும் ஒரு முறை வந்தோம். முருங்கன் மண் உங்களுக்குத் தெரியும். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஏற்றிய களி அல்லவா! கொங்கிறீற் போட்ட ஒழுங்கை எது, போடாதது எது என்று அந்த மழையில்தான் தெரிந்தது. வீடு தேடும் எவருக்கும் நாங்கள் சொல்வது, மாரியில் ஒரு தரம் வந்து பாருங்கள் என்பதுதான்.

இப்போது மூன்றாவது வருசம். வைத்தியசாலைக்கு நடந்து போகிறோம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு விடியப் புறப்பட்டால் வரிசையில் முன்னுக்கு இருக்கலாம். தபாற் கந்தோர், வங்கி, மரக்கறிக் கடை, கோவில் எல்லாம் அந்த 750 மீற்றருக்குள் அல்லது அதைச் சற்றுத் தாண்டி. பாண் வண்டி வாசலுக்கே பாட்டோடு வருகிறது, அதற்கு நடக்கவே தேவையில்லை. எல்லாவற்றிலும் பெரிது ரயில் நிலையம். 1914 இல் தலைமன்னாருக்குப் பாதை போட்டு, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் விட்டார்கள். 1964 புயலோடு தனுஷ்கோடி போனது. 1990 இல் யுத்தத்தோடு ரயிலும் நின்றது. 2013 இல் மடு வீதி வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் திரும்பவும் ஓடியது. இரவல் வாகனம் இல்லாமல் கொழும்பிலிருந்து ஒரு பேத்தி எங்களைப் பார்க்க வரலாம், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு நடக்கலாம். அது இல்லாவிட்டால் முருங்கனைத் தெரிவு செய்திருக்கவே மாட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்முடைய வயதுக்காரருக்கு நடை என்றவுடன் சுகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. மூட்டை முடிச்சோடு மடுவுக்கு நடந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். சோதனைச் சாவடியில் இறங்கி, நடந்து, திரும்ப ஏறியவர்கள் நாம் எல்லோரும். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் வள்ளம் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். அவர்களில் பலருக்கு ஊர் இன்றும் புத்தளம்தான். இந்த மலருக்கு அவர்களிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. துரத்தப்படாமல், அவசரமில்லாமல், நாமே நினைத்த நேரத்தில் கடைக்கு நடப்பது எங்களுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு அந்தப் பழைய நடைகளே காரணம்.

குறையும் உண்டு. மதவாச்சி வீதி அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. அதனாலேயே பஸ்ஸும் லொறியும் பறக்கின்றன. காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஓரத்தில் குவிந்து, வாகனம் விடும் இடைவெளியில் ஓடுகிறார்கள். எங்களுக்கு ஓடவும் முடியாது. பிள்ளைகள் கடக்கும் இடத்தில் மஞ்சள் கடவை ஒன்று வேண்டுமென்று எழுதிக் கொடுத்தோம். ஒரு கந்தோரில் அது மற்றக் கந்தோருடைய வேலை என்றார்கள். மற்றதில், அங்கே எத்தனை பேர் கடக்கிறார்கள் என்ற கணக்கு உண்டா என்று கேட்டார்கள். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானது. கணக்கு ஒருவரிடமும் இல்லை.

நிழலும் இல்லை. முந்தி நின்ற புளியும் வேம்பும் வீதி அகலித்தபோது போய்விட்டன. பத்து மணிக்கு மேல் வெளிக்கிட்டால் தலை வெடிக்கும். மரம் வைக்க ஆட்கள் கிடைப்பார்கள், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் கிடைப்பதில்லை. நூற்றாண்டு ஞாபகமாக வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை சங்கத்தில் இருப்பதாகக் கேள்வி. வளைவுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நிலையத்திலிருந்து பாடசாலை வரை மரக்கன்றுக்கும், அதற்குக் கூடு கட்டவும், தண்ணீர் ஊற்றுபவருக்குக் கூலி கொடுக்கவும் போகட்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

கணக்கை நாங்களே எடுக்கப் போகிறோம். அடுத்த தவணை தொடங்கும் கிழமையில், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6.45 இலிருந்து 7.30 வரை, பின்னேரம் பாடசாலை விடும் நேரம். வீதிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் வேண்டும். நாலு பேர் இருக்கிறோம், ஐந்து நாளும் நிற்க எங்கள் கால்கள் விடாது. மாறி நிற்க இன்னும் எட்டுப் பேர் வந்தால் போதும். கொப்பி நாங்கள் தருகிறோம், குடை நீங்கள் கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் பின் வரிசைக்கு வரவும்.