சிறு தட்டும் ஓர் அடிதான்



கோல்ஃப் பணக்காரர் ஆட்டமாச்சே, இந்த வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று நினைப்பீர்கள். நம் தோட்டத்துப் பெரியவர்களில் சிலர் இளவயதில் அந்தத் திடல்களில் பை தூக்கியவர்கள்தாமே!

இருநூறு கஜம் பறக்கும் அடியும் ஓர் அடி. குழிக்குப் பக்கத்தில், இரண்டு சாண் தூரத்தில் தட்டுவதும் ஓர் அடி. 72 அடிகளில் முடிக்க வேண்டிய திடலில், 18 குழிகளுக்கும் தலா இரண்டாக 36 தட்டுகளைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். சரிபாதி! ஆனாலும் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஓங்கி அடிக்கத்தான் ஓடுகிறார்கள்.

குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். வீட்டில் ஒரு குவளையைச் சாய்த்து வைத்து, இரண்டு முழம் தள்ளி நின்று தினமும் ஐம்பது முறை தட்டுங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது, தோள்கள்தாம் ஆட வேண்டும். பந்து விழும் சத்தம் கேட்கும்வரை தலையைத் தூக்காதீர்கள்; லேசில் வராத பாடம் இது. அப்புறம் பத்து கஜத்திலிருந்து தட்டி, பந்து குழியருகே போய் நிற்கும் அளவைக் கைக்குப் பழக்குங்கள்.

நம் நாட்டுப் புல்லுக்கு ஒரு குணம். பளபளவென்று தெரிந்தால் நுனி குழிப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது, கொஞ்சம் அழுத்தித் தட்டணும். பை தூக்கிய தாத்தாவைக் கேளுங்கள், ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.