மனசாட்சியைத் தட்டி எழுப்புவது சட்டமே!



உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைப்பது முதலாளியின் மனசாட்சியாலா, அரசின் சட்டத்தாலா? சட்டத்தாலேன்னு சொல்ல வந்திருக்கேன். எதிரணித் தலைவர் மனசாட்சியைப் பற்றி உருகி உருகிப் பேசினார். ஆனா ஐயா, அவரும் கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு மாசாமாசம் சம்பளம் வர்றது அரசாணையால! நிர்வாகத்தோட மனசாட்சிய நம்பி விட்டிருந்தா இன்னிக்கு இவ்வளவு தெம்பாப் பேசியிருப்பாரா? (சிரிப்பு, கைதட்டல்)

ஜவுளிக்கடைக்குப் போறோம். நாம உட்கார்ந்துக்கிட்டு நாற்பது சேலையப் பிரிக்கச் சொல்றோம். பிரிச்சுப் போடற பொண்ணு காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்குது. முதலாளிக்கும் மகள் உண்டு, நமக்கும் மகள் உண்டு. யாருக்காவது உறுத்துச்சா? 2018-ல் கேரளம் சட்டம் செய்தது. 2021-ல் தமிழ்நாடு, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலி போடறதுக்கு, ஐயா, சட்டசபை கூட வேண்டியிருந்தது! நாற்காலிக்கே இந்தப் பாடுன்னா, கூலிய மனசாட்சி கொடுத்துடுமா?

திருக்குறள் அதிகார வரிசையைப் பாருங்கள். 104 உழவு. 105 நல்குரவு, அதாவது வறுமை. 106 இரவு, அதாவது கையேந்துவது. 107 இரவச்சம், கையேந்த அஞ்சுவது. மனசாட்சியால வர்ற கூலி கையேந்தி வாங்குறது. சட்டத்தால வர்றது உரிமை. இரவுக்கும் இரவச்சத்துக்கும் ஒரு அதிகாரம்தான் தூரம். அந்தத் தூரத்தைத் தாண்ட வைப்பது சட்டம்!

எப்படித் தாண்ட வைக்கும்? மகாராஷ்டிரத்தில் 1972-ல் கடும் பஞ்சம். அரசு வேலை கொடுத்தது. 1977-ல் அதையே சட்டமாக்கினார்கள். 2005-ல் நாடாளுமன்றம், கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்று சட்டம் இயற்றியது. கேட்ட 15 நாளுக்குள் வேலை. இல்லையென்றால் வேலையில்லாப் படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

அதனால என்னாச்சு? "இந்தக் கூலிக்கு வர்றதுன்னா வா"ன்னு சொன்ன பண்ணையாரிடம், "வரலீங்க, எனக்கு அங்க வேலை இருக்கு"ன்னு ஒரு தாய் சொன்னா. அவ்வளவுதான்! அந்த "வரலீங்க" வாயிலிருந்து வந்த அன்னிக்குத்தான் பண்ணையாருக்கு மனசாட்சி வந்தது. (பலத்த கைதட்டல்)

எதிரணி கேட்கலாம்: "சட்டம் மாறினா?" மாறிச்சே! 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியது. 100 நாள், 125 நாள் ஆனது. நல்லதுதான். ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. விவசாயிக்கு ஆள் வேணும், அவர் கஷ்டமும் உண்மைதான். ஆனா கூலியாள் நிமிர்ந்து பேசக்கூடிய காலமே அதுதானே! அந்த நேரம் பார்த்து "வரலீங்க"ன்னு சொல்ற வாயக் கட்டலாமா?

சட்டத்துல ஒரு வரி மாறினா ஒரு தாயோட கூலி மாறுது. சட்டத்துக்கு இருக்கிற பலத்துக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? ஆகவே நடுவர் அவர்களே, மனசாட்சி தூங்கும். தட்டி எழுப்புவது சட்டமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள்.