எங்கள் வகுப்பு கட்டிய கப்பல்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், கல்லூரி நூலகத்துக்குப் பாய்க்கப்பல் மாதிரியைக் கையளித்தபோது 1978ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பேசுகின்ற வாய் ஒன்று. பேச்சு ஏழு பேருடையது. இதை எழுதவும் ஏழு பேரும் கூடித்தான் சண்டை பிடித்தோம். ஆகவே இந்த உரையில் 'நான்' என்று ஒருத்தி வரமாட்டாள். எல்லாம் 'நாங்கள்'தான்.

இந்த மேசையில் இருப்பது கட்டி சார்க் என்னும் கப்பலின் மாதிரி. உண்மைக் கப்பல் இலண்டனில் கிறினிச்சில் நிற்கிறது. அதன் முழு நீளம் 280 அடி. அதை 84ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்று அடி நான்கு அங்குலம். இதுதான் உங்கள் முன்னால் இருக்கிறது. 'கட்டி' என்றால் ஸ்கொட்லாந்துப் பேச்சில் குட்டை. 'சார்க்' என்றால் சட்டை. குட்டைச் சட்டை போட்ட ஒரு சூனியக்காரி றொபேட் பேர்ன்ஸ் எழுதிய கவிதை ஒன்றில் வருகிறாள். அவளுடைய உடுப்பின் பெயரே கப்பலுக்கு வந்தது. சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று காலைப் பிரார்த்தனையில் வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட எங்களில் மூன்று பேருக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துக்கொண்டது.

இந்தக் கப்பலைத் தொடங்கியவர்கள் நாங்கள் அல்ல. எங்கள் எட்டாவது தோழி. வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவள். விடுதியில் கடைசிக் கட்டிலில் படுத்தவள். கிறினிச்சுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் வேலை செய்தாள். ஓய்வு பெற்ற கிழமையே ஒரு பெரிய பெட்டி வாங்கினாள். கல்லூரியின் நூற்றாண்டுக்கு இதைக் கட்டி நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்றாள். நாங்கள் சிரித்தோம். "பெடியங்களுக்கு மரவேலை வகுப்பு இருந்தது. எங்களுக்குத் தையலும் மனையியலும்தானே தந்தவை. இப்ப நான் மரவேலை படிக்கப்போறன்" என்றாள். ஏராவையும் வங்குகளையும் பொருத்தி, பக்கத்துக்கு நான்கு பலகை ஒட்டியபோது நோய் வந்தது. ஒரு வருடத்துக்குள் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து அவளுடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அம்மாவின்ர கப்பல் பெட்டி இங்க கிடக்குது. எறிய மனமில்லை. எனக்குக் கட்டவும் தெரியாது" என்றாள். எங்களுக்கும் தெரியாது. ஆனால் அதை அந்தப் பிள்ளையிடம் நாங்கள் சொல்லவில்லை.

பெட்டிக்குள் கப்பல் இருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறோம்: இராது. ஒட்டுப்பலகையில் வெட்டிய சில துண்டுகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரக்கீலங்கள், உருண்டைத் தடிகள், ஆறு தடிப்பில் நூல், சின்னச் சின்ன உலோகப் பொருட்கள், போர்வை அளவு வரைபடங்கள், வாசித்தால் விளங்காத ஒரு கையேடு. அந்தக் கையேட்டை எங்களுக்குத் தமிழாக்கியவள் வல்வெட்டித்துறைத் தோழி. அடியில் முதுகெலும்புபோல் ஓடுவது ஏரா. அதிலிருந்து விலா எலும்புபோல் எழும்புபவை வங்குகள். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். முன்பக்கம் அணியம். இவையெல்லாம் அவளுடைய வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் கதைத்த சொற்கள். நாற்பது வருடம் அவள் வாயில் வராமல் இருந்து, இலண்டனில் ஒரு சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக வந்தன.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கூடினோம். மரக்கீலத்தை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, சூடு காட்டி வளைத்து, வங்குகளின் மேல் ஒட்டவேண்டும். கப்பலின் நடுவயிறு அகலம், முனைகள் ஒடுக்கம். ஆகவே எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் இருந்தால் அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் முனையை நோக்கி ஒடுக்கவேண்டும். பாவாடைக்கு இடுப்பில் துணி ஒடுக்குவது போன்ற கணக்குத்தான் என்று கண்டுபிடித்த பிறகு எங்களுக்குப் பயம் போய்விட்டது.

பயம் போன இடத்தில் பிழை வந்தது. வேலையை விரைவாக முடிக்க இரண்டு அணியாகப் பிரிந்தோம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய பழக்கம். வலப்பக்க அணி ஒரே சனிக்கிழமையில் ஆறு பலகை ஒட்டிவிட்டது, இடப்பக்கம் ஒன்றுதான். இரண்டு கிழமை கழித்து வந்து பார்த்தால் கப்பல் வாழைப்பழம்போல் வளைந்து கிடந்தது. ஈரமாக ஒட்டிய மரம் காயும்போது ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறிமாறித்தான் ஒட்டவேண்டும் என்பதைக் கையேட்டின் நான்காம் பக்கம் சொல்லியிருந்தது. நாங்கள் ஐந்தாம் பக்கத்திலிருந்து வாசித்தோம்.

ஒட்டியதைக் கழற்றவேண்டி வந்தது. மருந்துக்கடையில் வாங்கும் ஐசோபுறோப்பைல் அற்ககோலைத் தடவினால் வெள்ளைப் பசை இளகிவிடும். கழற்றத் தொடங்கியபோதுதான் பெரிய சண்டை மூண்டது. எங்களுடைய பலகைகளுக்குக் கீழே அவள் ஒட்டிய நான்கு இருந்தன. அவற்றில் கடைசி இரண்டும் நேராக இல்லை. கை நடுங்கத் தொடங்கிய காலத்தில் ஒட்டியவை. "அடிப்பலகை கோணினால் மேலே வருகிறதெல்லாம் கோணும். அதையும் கழற்றி ஒழுங்காகச் செய்வோம். நூலகத்தில் வைக்கிற சாமான்" என்றார்கள் மூன்று பேர். "அவளுடைய கை பட்டதைக் கழற்ற நாங்கள் வரவில்லை" என்றார்கள் நான்கு பேர். குரல் உயர்ந்தது. ஒருத்தி கைப்பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் யாரும் வரவில்லை. அறுபது வயது கடந்த பெண்கள் ஒரு மரக்கீலத்துக்காகக் கதைக்காமல் இருந்தோம்.

சண்டையைத் தீர்த்தது கப்பல்தான். இந்த மாதிரிக்கு இரண்டு அடுக்குப் பலகை. முதலடுக்கு தடிப்பானது, உருவத்தைத் தருவது. அதன்மேல் அரை மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டாவது அடுக்கு. முதலடுக்கில் உள்ள கோணலை, இடைவெளியில் ஆப்புப்போல் ஒரு துண்டு வைத்தும், மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பியும், தேய்த்தும் சரிப்படுத்தலாம். எங்களுடைய பலகைகளைக் கழற்றினோம். அவளுடைய நான்கையும் விட்டோம். கோணலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மேலே வந்த ஒவ்வொரு பலகையையும் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கினோம். ஐந்தாவது வரிசையில் சரியாகிவிட்டது. அவள் ஒட்டியவை இப்போதும் உள்ளே இருக்கின்றன. நீங்கள் பார்க்க முடியாது. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவையெல்லாம் நிற்கின்றன.

உண்மைக் கப்பலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், பிள்ளைகளே. அது ஸ்கொட்லாந்தில் டம்பார்ட்டனில் கட்டப்பட்டு 1869 நவம்பர் 22இல் நீரில் இறக்கப்பட்டது. சீனத்துத் தேயிலையை மற்ற எந்தக் கப்பலுக்கும் முந்திக்கொண்டு இலண்டனுக்குக் கொண்டுவருவதற்காகக் கட்டியது. வங்குகள் இரும்பு; பலகைகள் மரம். ஏன் முழுவதையும் இரும்பில் கட்டவில்லை? கடலில் ஓடும் கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்தால் வேகம் குறையும். அதைத் தடுக்கச் செம்புக் கலப்புத் தகடு அடிக்கவேண்டும். இரும்பு உடலில் அதை நேரே அடித்தால் உப்பு நீரில் இரும்பு அரித்துப்போகும். எலும்புக்கு இரும்பு, தோலுக்கு மரம், அதன்மேல் தகடு. இரசாயனவியல் ரீச்சர் எங்களுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்தால் இன்னும் இரண்டு பேர் பாஸ் பண்ணியிருப்போம்.

ஆனால் பாருங்கள், இது நீரில் இறங்குவதற்கு ஐந்து நாள் முன்புதான், நவம்பர் 17இல், சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்தது. காற்றை நம்பிய கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போகவேண்டும். பிறக்கும்போதே காலம் பிந்திய கப்பல் இது. 1872இல் தேர்மோப்பிலி என்னும் கப்பலோடு ஓடிய போட்டியில், முந்திக்கொண்டிருந்தபோது, இந்து சமுத்திரத்தில் சுக்கான் உடைந்துபோனது. கப்பலிலிருந்த தச்சர் நடுக்கடலில், ஆடுகிற தளத்தில், கையிலிருந்த மரத்தைக்கொண்டு புதுச் சுக்கான் செய்து பொருத்தினார். ஏழு நாள் பிந்தித்தான் இலண்டன் வந்து சேர்ந்தது. தோற்ற கப்பலைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

2007 மே மாதம் அது தீப்பிடித்தது. திருத்தவேலை நடந்துகொண்டிருந்த காலம். அதனால் பாய்மரங்களும் பலகைகளில் கணிசமான பகுதியும் கழற்றப்பட்டு வேறிடத்தில் இருந்தன. அவை தப்பின. 2012இல் அவற்றையும் சேர்த்துக் கப்பலை மீண்டும் திறந்தார்கள். தீப்பிடித்த அன்று மாலை எங்கள் தோழி ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தாள். "வெளியில கொண்டுபோய் வைச்ச பலகையள் தப்பிட்டுது, பாத்தியே" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில் நாங்கள் ஒவ்வொருவரும் வெளியே வந்தோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு கயிற்று வேலை. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கு நூலேணி கட்டவேண்டும். படிக்கும் படிக்கும் இடையில் நான்கு மில்லிமீற்றர். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. இறுக்கி இழுத்தால் நூலேணியின் இடுப்பு ஒடுங்கிவிடும். தளர விட்டால் படி தொய்யும். பின்னால் கோடு கீறிய காகிதமட்டையை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான முடிச்சுப் போட்டோம். தையல் வகுப்பில் நூல் இழுத்த கைகள் இங்கே உதவின. மரவேலை படிக்கவில்லையே என்ற எங்கள் குறை அந்த ஐந்து மாதத்தில் பாதி தீர்ந்தது. மற்றப் பாதி தீரக்கூடாது. இன்றைய பிள்ளைகளுக்கு ஊசியோடு உளியும் கிடைக்கவேண்டும் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம்.

பாய்த்துணி வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஓடிப் பழகிய கப்பலின் பாய் அப்படி இராது. அதற்குத் தேநீர்ச் சாயம் ஏற்றுவது வழக்கம். நாங்கள் நுவரெலியாத் தேயிலையை நன்றாகக் கொதிக்கவைத்து ஊறப்போட்டோம். சீனத்துத் தேயிலை சுமந்த கப்பலுக்கு எங்கள் நாட்டுத் தேயிலையின் நிறம். கிட்ட வந்து மோந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் மணக்கும்.

எல்லாமாக இரண்டு வருடமும் நான்கு மாதமும் சென்றன. பெட்டி செய்து, மடியில் வைக்காத குறையாக விமானத்தில் கொண்டுவந்து, கட்டுநாயக்காவிலிருந்து வானில் ஏற்றினோம். ஏ9 வீதியின் ஒரு குழியில் நடுப்பாய்மரத்தின் மேற்பருமல் முறிந்தது. நேற்றிரவு விடுதிச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒட்டினோம். விடுதிப் பிள்ளைகள் நான்கு பேர் விளக்குப் பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தி முடிச்சுப் போடவும் பழகிவிட்டாள். எங்களைவிட நேராகப் போடுகிறாள்.

ஆகவே அதிபர் அவர்களே, ஒரு வேண்டுகோள். இந்தக் கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்; வெயில் படாமல் வையுங்கள். ஆனால் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட வேண்டாம். மாரிக்கும் கோடைக்கும் நூலின் இறுக்கம் மாறும். வருடத்தில் ஒருதரம் பிள்ளைகள் திறந்து, மென்மையான தூரிகையால் தூசு தட்டி, அவிழ்ந்ததைக் கட்டட்டும். மிஞ்சிய நூலையும் குறட்டையும் சின்ன வாளையும் கூடவே தருகிறோம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். வல்வெட்டித்துறையில் வேம்பு மரத்தால் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், எங்கள் ஊர் மாலுமிகளோடு கடல்களைக் கடந்து, 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 89 அடி நீளம். அதைக் கட்டுவதற்குப் பெட்டி தேடிப்பார்த்தோம். எந்தக் கடையிலும் அகப்படவில்லை. நீங்கள்தான் வரைந்து, வெட்டி, கட்டவேண்டும். ஏராவும் வங்கும் பருமலும் என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். மாறிமாறி ஒட்டுங்கள். நான்காம் பக்கத்தை வாசியுங்கள்.

எங்கள் தோழியின் மகள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். அம்மா படித்த கல்லூரியை இன்றுதான் முதன்முதல் பார்க்கிறாள். கப்பலை அவளுடைய கையால் கல்லூரிக்குக் கொடுக்கும்படி அழைக்கிறோம். வா பிள்ளை.