குழந்தைக்கு எந்த விளையாட்டுப் பொருள்?



சம்பளம் போட்ட வாரத்தில் பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் பக்கத்து இரவுச் சந்தைகளுக்குப் போனால், பிள்ளைகள் எந்தக் கடைமுன் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். விசையை அழுத்தினால் பாடும் பொம்மை. விளக்கெரிய ஓடும் கார். பிள்ளை கேட்கும்போது பெற்ற மனம் பொறுப்பதில்லை. இருபது, முப்பது வெள்ளி கொடுத்து வாங்கிவிடுகிறோம். ஒரு வாரத்தில் பேட்டரி தீர்ந்து அது மூலைக்குப் போகிறது. பிள்ளையோ அடுப்படியில் சட்டியையும் அகப்பையையும் எடுத்து வைத்துத் தட்டுகிறது! ஏன் அப்படி?

பொம்மை தானே பாடி, தானே ஆடினால் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை. சட்டி அப்படியல்ல. மெல்லத் தட்டினால் ஓர் ஓசை. ஓங்கித் தட்டினால் வேறோர் ஓசை. 'என் கையால் ஒன்று நடக்கிறது' என்று பிள்ளை கண்டுகொள்கிறது. படிப்பின் தொடக்கம் அதுதான்.

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்றிருந்த பிள்ளைகளுக்காகத் திறந்த இல்லம் அது. நம் ஆயாக் கொட்டகையைப் போன்றது. அங்கே அழகான பொம்மைகள் இருந்தும், கையால் எடுத்து, அடுக்கி, பொருத்திப் பார்க்கும் பொருள்களையே பிள்ளைகள் நாடினார்கள். அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

இனி வயதுக்கு ஏற்றதைப் பார்ப்போம்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதே தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆகவே முதல் விளையாட்டுப் பொருள் தாயின் முகமே! நான்கைந்து மாதத்தில் கை நீட்டிப் பிடிக்கும். உடையாத கிலுகிலுப்பை போதும். எட்டு, ஒன்பது மாதத்தில் ஒரு கிண்ணத்தைத் துணியால் மூடிக் காட்டுங்கள். துணியை விலக்கித் தேடும். ஒரு வயதில் விளிம்பு கூரில்லாத டப்பாவும் நான்கு மரக்கரண்டியும் கொடுத்தால், போடுவதும் எடுப்பதுமாக அரைமணி நேரம் ஓடும். இரண்டு, மூன்று வயதில் மரக்கட்டைகளும் சொப்புச் சாமான்களும் ஏற்றவை. ஐந்து வயதில் பல்லாங்குழி. பக்கத்து மலாய்க் குடும்பங்கள் ஆடும் சோங்காக்கும் அதன் உறவுதான். எண்ணிக்கை தானாக வரும்.

நடை பழகுவதற்குச் சக்கரம் வைத்த வட்ட வண்டியில் பிள்ளையை உட்கார்த்தி வைக்கிறோம். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியிலும் கால்வாயிலும் உருண்டு விழுவதும் உண்டு. கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் பாட்டன்மார் அறிந்த மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. பிடித்து நிற்கத் தெரிந்த பிள்ளை தன் காலால் நின்று, தானே தள்ளி நடக்கிறது. சமதரையில், பெரியவர் பக்கத்தில் இருக்க, அதையே கொடுக்கலாம்.

இங்கே சில எச்சரிக்கைகள் அவசியம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் வாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் விளையாட்டுப் பொருள் அல்ல. ரப்பர் கொட்டையும் புளியங்கொட்டையும் அண்ணன், அக்காளுக்குச் சரி. தம்பிக்குத் தொண்டை அடைக்கும். பச்சை ரப்பர் கொட்டையைத் தின்றால் நஞ்சும் ஆகும். பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழல் வெந்துவிடலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். களைக்கொல்லி வந்த போத்தலையும் டின்னையும், எத்தனை முறை கழுவினாலும், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கடையில் வாங்கினால், நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு விதிகளின்படி 'எம்.சி.' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இக்காலத்தில் அழும் பிள்ளைக்குக் கைப்பேசியைக் கொடுப்பது எளிதாகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது இது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம்.

விடியுமுன் வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்புகிறோம் என்பது உண்மைதான். ஆயினும் குளித்துவிட்டு, ஒரு கால்மணி நேரம் பாயில் உட்காருங்கள். "இது என்ன? எங்கே ஒளிஞ்சிருக்கு?" என்று பேசிக்கொண்டே விளையாடுங்கள். தகப்பன்மார்களுக்கும் இதில் பங்குண்டு. ஒட்டுப்பாலைச் சுற்றிப் பந்து செய்து விளையாடியவர்கள்தானே நாம்! சந்தைப் பொம்மை வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் மனம் குன்ற வேண்டாம். டப்பாவும் கரண்டியும், கூட உட்கார்ந்து பேச ஒருவரும் இருந்தால், தோட்டத்துப் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை.