நிழலை அளக்கும் பிள்ளைகள்



பள்ளி மாணவரும் அறிவியல் சோதனையும் என்பது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், தமிழாசிரியைக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். மணிமேகலையைப் பயின்றோர் அவ்வாறு நகையார். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி முதற்கண் எடுத்துரைப்பதே, ஒன்றை உண்மையென்று எவ்வாறு அறிவது என்பதைத்தான். காண்டல், கருதல் என்று அவன் தொடங்குகிறான். இன்று நம் பாடநூல்கள் கருதுகோள் என்று வழங்கும் சொல்லின் வேர் அங்கே கிடக்கிறது. இதனால் அறிவியல் முழுவதும் நம்மிடமே இருந்தது என்று நான் மார்தட்ட வரவில்லை. அத்தகைய பேச்சு நமக்குச் செய்த தீங்கு போதும். கண்டதையும் கருதியதையும் வேறுபிரித்துச் சொல்லத் தமிழுக்குத் தெரியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானம் அதில் தன் முகம் பார்க்கிறது என்று நம் கவிஞர்கள் எழுதுவார்கள். இங்கிலாந்தின் பேரறிஞர் ராலேயும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்: ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்றார். 1921இல் கப்பலில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த சர் சி.வி. இராமன் மத்தியதரைக் கடலைக் கண்டார். அவர் சட்டைப்பையில் நிகல் பட்டகம் என்னும் சிறு படிகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பைத் தக்க சாய்வில் அதன் வழியே நோக்கினால், பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துவிடலாம். வானத்தின் பிரதிபலிப்பை அவ்வாறு நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னினும் அழுத்தமாகத் தெரிந்தது. அந்நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்று தெளிந்தார். 1928 பிப்ரவரி 28இல் கண்ட இராமன் விளைவுக்கு அவரை இட்டுச் சென்ற வழி அங்கே தொடங்கியது.

ஒரு வினா, அதற்கு ஒருவர் தந்த விடை, அவ்விடை பொய்யானால் என்ன தெரியவேண்டும் என்ற கணிப்பு, ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை அவ்வாறே வைத்துப் பார்த்தல். பள்ளிப் பிள்ளை அறியவேண்டிய சோதனை முறை பெரும்பாலும் இவ்வளவே. வானம் முகம் பார்க்கும் கவிதைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். இராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பெரும்பாக்கம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். பின்னாளில் இமயம்வரை சென்ற மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். அளந்த கருவி நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசென்று, அங்கே ஏற்பாரின்றித் திரும்பிய சங்கிலி அது! ஏழரை மைலுக்கு 57 நாட்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் என்பதை அவர் அறிவார். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் காத்து, வெப்பமானியால் சூட்டைக் குறித்து, அதற்கேற்ப அளவைத் திருத்தினார். கும்பினியார் நாட்டை ஆள்வதற்குத் துணைநின்ற வேலை அது என்பதை மறக்கலாகாது. ஆயினும் தன் அளவுகோலையே ஐயுற்ற அந்தக் கவனத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

நம் பிள்ளைகளோ செய்முறை ஏட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பன, முடிவு என்று வரிசையாக எழுதுகிறார்கள். பல பள்ளிகளில் சோதனை நடப்பதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. "அறியப்பட்டது" என்று முடிக்கிறார்கள். யாரால் அறியப்பட்டது? செயப்பாட்டுவினை இவ்வளவு வசதியான மறைவிடமாகும் என்று இலக்கணம் வகுத்தோர் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நம் பகுதியில் ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். நட்ட கோலுக்கு நிழல் இராது. அந்த ஏப்ரல் நாளில் கடிகாரத்தில் சரியாகப் 12 மணிக்கு ஒரு மீட்டர்க் கோலை அளந்த மாணவி, மேற்கே 3 சென்டிமீட்டர் நிழல் இருந்ததாக எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அளக்காத மாணவன், நிழல் இல்லை என்று நூலைப் பார்த்து எழுதுகிறான். மதிப்பெண் யாருக்குப் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் அவள் கண்டதே சரி. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அந்நாளில் நம் நண்பகல் ஏறத்தாழ 12 மணி 7 நிமிடத்துக்கே வரும். அந்த 3 சென்டிமீட்டரைப் பிழையென்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர், பூமி உருள்வதையே அடித்துவிடுகிறார்.

இதோடு முடியவில்லை. அதே நண்பகலில் கன்னியாகுமரியில் நட்ட மீட்டர்க் கோலுக்குத் தெற்கே எட்டரை சென்டிமீட்டர் நிழல் விழும். முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்தால் ஏறத்தாழ 4.85 பாகை. அது முழுவட்டத்தில் 74 முறை அடங்கும். இரு இடங்களுக்கும் நேர் தெற்குவடக்குத் தொலைவு ஏறத்தாழ 540 கிலோமீட்டர். பெருக்கினால் உலகின் சுற்றளவு, ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், கைக்கு வந்துவிடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரதோஸ்தனீசு கண்ட வழி இதுதான். ஆய்வகம் இல்லையே என்று வருந்தும் பள்ளிக்கும் வெயில் இருக்கிறது.

இத்தகைய முயற்சிக்குத் தமிழில் முன்னோடிகள் உண்டு. வழக்கறிஞராக இருந்துகொண்டே தமிழில் அறிவியல் எழுதிய பெ.நா. அப்புசாமி அவர்கள் (1891–1986) ஒருவர். 1987இல் தோன்றிய 'துளிர்' இதழ் மற்றொன்று. கவிஞர்களாகிய உங்களிடம் நான் கேட்பது சிறிது: பிள்ளை தான் கண்டதைத் தன் சொல்லில் எழுதிக்கொண்டு வந்தால், "நான் பார்த்தேன்" என்ற அந்தத் தொடரைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

வரும் ஏப்ரல் 24 அன்று வட்டத்தின் கூட்டத்தை நண்பகலில், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒரு மீட்டர்க் கோல், அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு, சுண்ணக்கட்டி, கடிகாரம் ஆகியவை போதும். வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். மேகம் மூடினால் மறுநாள் வைத்துக்கொள்வோம்.